செத்த சுரங்கத் தொழிலாளிக்கு ஊர்வலம்! உயிரோடிருக்கும் தொழிலாளிக்கு ஊரில் இடமில்லை!



மில் வாசல் கூட்டம் ஒன்று முடிந்து டீக்கடையில் நின்றிருந்தபோது ஒரு தோழர் நம்மைப் பிடித்துக்கொண்டார். "அமெரிக்காவிலே மலைமேல் பனிச்சறுக்கு விளையாடும் இடத்தில் வேலை பார்க்கிறவர்கள், மணிக்கு 21 டாலர் வாங்கிக்கொண்டே ஸ்ட்ரைக் செய்தார்களாமே? 21 டாலர் என்றால் நம் பணத்தில் 1,800 ரூபாயாம். அதுவும் ஒரு மணி நேரத்துக்கு! அவர்களுக்கு என்ன குறை? அதைப் போய் மேடையில் பாராட்டிப் பேசுகிறீர்களே?" என்றார். பக்கத்தில் நின்ற விவசாயத் தொழிலாளித் தோழர் ஒருவர் சிரித்தார். "நமக்கு ரெண்டு மூணு நாள் கூலி. அதை ஒரு மணியில் வாங்குகிறவன் தொழிலாளியா, மிராசுதாரா?" என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

கேள்வி நியாயமானது. மழுப்பக் கூடாத கேள்வி. முதலாளிகளின் பத்திரிகைகள் 21 டாலரை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, மற்றதைப் போடாமல் விட்டதன் நோக்கமே நம் தோழர்கள் இப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான். அந்தப் போராட்டம் 2024 டிசம்பர் 27ல் தொடங்கி 2025 ஜனவரி 8ல் முடிந்தது. காலம் கடந்துவிட்டதே என்று யாரும் நினைக்க வேண்டாம். கேள்வி பழசாகவில்லை.

ஊரின் பெயர் பார்க் சிட்டி. யூட்டா மாகாணத்தில், சால்ட் லேக் சிட்டி என்ற பெரிய நகரத்துக்குக் கிழக்கே சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில், 7,000 அடி உயரத்தில் இருக்கும் மலை ஊர். 2020ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் 8,400 பேர்தான். நம் பக்கத்துப் பெரிய ஊராட்சிகள் சிலவற்றில் இதைவிட ஜனம் அதிகம்.

இந்த ஊரில் ஒவ்வொரு செப்டம்பரிலும் முதல் திங்கட்கிழமை ஒரு திருவிழா நடக்கும். அமெரிக்க சர்க்காரின் தொழிலாளர் தினம் அதுதான். சிகாகோ தொழிலாளர்கள் 1886ல் ரத்தம் சிந்திய மே மாதத்தை உலகமே கொண்டாட, அந்த நாட்டு சர்க்கார் 1894ல் செப்டம்பரைப் பிடித்துக்கொண்டது. அது தனிக் கதை. பார்க் சிட்டியில் அந்த நாளுக்குச் சுரங்கத் தொழிலாளர் தினம் என்று பெயர். பெரிய தெருவில் ஊர்வலம் போகிறது. பாறையில் துளை போடும் போட்டி, மண் அள்ளும் போட்டி எல்லாம் உண்டு. தர்ம காரியத்துக்குப் பணம் திரட்ட ஆயிரக்கணக்கான கோல்ஃப் பந்துகளைச் சரிவான தெருவில் உருட்டி விடுகிறார்கள். கனவான்களும் சீமாட்டிகளும் கை தட்டி ரசிக்கிறார்கள்.

கொண்டாடட்டும். தொழிலாளியின் பெயரால் நடக்கும் விழாவை நாம் ஏன் குறை சொல்ல வேண்டும்? ஆனால் அந்த ஊர்வலம் முடிந்ததும் தெருவைக் கூட்டுகிறவரும், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவரும், மலைமேல் காவல் நிற்கிறவரும் இரவு எங்கே போய்ப் படுக்கிறார்கள்? அவர்களில் மிகப் பலர் அந்த ஊரில் இல்லை. மலையை விட்டு இறங்கி வேறு ஊருக்குப் போகிறார்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் அந்த மலையின் பூர்வோத்திரத்தைச் சொல்லியாக வேண்டும்.

மலைக்குள் வெள்ளி

1860களின் கடைசியில் அந்த மலைகளில் வெள்ளி இருப்பது தெரிய வந்தது. 1872ல் ஒன்டாரியோ என்ற சுரங்கத்தை ஜார்ஜ் ஹெர்ஸ்ட் என்ற முதலாளி 27,000 டாலருக்கு வாங்கினார். அது பின்னால் கோடிக்கணக்கான டாலராகப் பெருகியது. ஹெர்ஸ்ட் என்ற பெயர் எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதா? மகன் வில்லியம் ரண்டால்ஃப் ஹெர்ஸ்ட்தான் அமெரிக்காவின் மஞ்சள் பத்திரிகைச் சக்கரவர்த்தி. தொழிலாளி இயக்கத்தின் மீதும் சோவியத் நாட்டின் மீதும் அவர் பத்திரிகைகள் கக்கிய விஷம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் குடும்பத்துச் செல்வத்தின் வேர்களில் ஒன்று இந்தப் பார்க் சிட்டி மலைக்குள் ஓடுகிறது.

வெள்ளியை எடுத்தவர்கள் யார்? அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். சீனர்களும் வந்து அந்த ஊரில் உழைத்தார்கள். 1902 ஜூலை 15ஆம் தேதி டேலி வெஸ்ட் சுரங்கத்தில், பூமிக்கடியில் சேமித்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. விஷப் புகை சுரங்க வழிகளில் பரவியது. 34 தொழிலாளர்கள் மாண்டார்கள். ஊரில் அடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரி கிடையாது. சால்ட் லேக் சிட்டிக்குத் தூக்கிப் போக வேண்டும். வழியில் உயிர் போனாலும் போச்சு. கம்பெனிகள் ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தனவா? இல்லை. மேற்குச் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் உள்ளூர்ச் சங்கம் முன்னின்று பணம் திரட்டி 1904ல் ஆஸ்பத்திரி கட்டியது. அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. 1979ல் அப்படியே பெயர்த்துப் பூங்காவில் கொண்டுபோய் வைத்து நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். அதைக் கட்டிய சங்கத்தைப் பற்றி ஊர்வலத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று நமக்குச் சந்தேகம்.

பிறகு வெள்ளி விலை விழுந்தது. ஜனங்கள் ஊரை விட்டுப் போனார்கள். சுரங்கக் கம்பெனிக்கு நிலம் மட்டும் மிஞ்சியது. மலைக்குள் இருந்ததை விற்றாயிற்று, இனி மலைமேல் விழும் பனியை விற்கலாம் என்று கம்பெனி கண்டுபிடித்தது! மத்திய சர்க்காரின் கடனை வாங்கி, 1963 டிசம்பரில் பனிச்சறுக்கு மைதானம் திறந்தார்கள். காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு பனிச் சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டு அது. ஏறிப் போவதற்குக் கம்பி வடத்தில் தொங்கும் நாற்காலிகள். பழனி மலையின் ரோப் கார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப காலத்தில் பழைய சுரங்க ரயிலிலேயே சீமான்களை மலைக்குள் அழைத்துப் போய் மேலே ஏற்றிவிட்டார்கள் என்பது வேடிக்கை. கடைசியாக நடந்துகொண்டிருந்த ஒன்டாரியோ சுரங்கமும் 1982ல் நின்றது.

ஒரு கடிதம் தாமதம். ஒரு மலை கைமாறியது

இதற்கு அடுத்து நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். மைதானத்தை நடத்தியது பவுடர் என்ற கம்பெனி. நிலம் வேறொரு கம்பெனியுடையது. ஆயிரக்கணக்கான ஏக்கர் மலைக்குப் பவுடர் கொடுத்து வந்த குத்தகை வருஷத்துக்கு வெறும் 1,55,000 டாலர். நம் ஊரில் கோயில் நிலத்தைப் பெரிய மனிதர்கள் அடிமாட்டு விலைக்குக் குத்தகை எடுத்து வைத்திருப்பது நினைவுக்கு வருகிறதல்லவா? 2011ல் குத்தகையைப் புதுப்பிக்கக் கெடுவுக்குள் ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. பவுடர் கம்பெனி கெடுவைத் தவறவிட்டது! நிலக்காரக் கம்பெனி பிடித்துக்கொண்டது. 2013ல் வேறொரு பெரிய முதலை உள்ளே வந்தது. அதன் பெயர் வெயில் ரிசார்ட்ஸ். (பனியை விற்கிற கம்பெனிக்கு வெயில் என்று பெயர் வாய்த்தது நம் காதுக்கு மட்டும் கிடைக்கும் வேடிக்கை.) கோர்ட், வக்கீல், வாய்தா எல்லாம் முடிந்து 2014 செப்டம்பரில் 18 கோடியே 25 லட்சம் டாலருக்குப் பவுடர் கம்பெனி விற்றுவிட்டு வெளியேறியது. பக்கத்து மைதானத்தையும் சேர்த்து 2015ல் 7,300 ஏக்கர், அமெரிக்காவிலேயே மிகப் பெரியது என்று தம்பட்டம் அடித்தார்கள்.

மலை கிடைத்தது போதவில்லை. "பார்க் சிட்டி" என்ற பெயரையே தன் வியாபார முத்திரையாகப் பதிவு செய்ய வெயில் கம்பெனி மனுப் போட்டது. ஊரின் பெயர் கம்பெனிக்குச் சொந்தமாம்! ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். 2016ல் மனுவை வாபஸ் வாங்கியது கம்பெனி. 2024ல் அதன் கையில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து என்று 42 பனிமலை மைதானங்கள் இருந்தன. அந்தக் கணக்கு ஆண்டில் அதன் நிகர லாபம் சுமார் 23 கோடி டாலர்.

இத்தனை கைமாற்றத்திலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குத்தகைக் கடிதத்தைத் தாமதமாக அனுப்பியவருக்குக் கோடிகள் கிடைத்தன. தொழிலாளி ஒரு நாள் தாமதமாக வந்தால் என்ன கிடைக்கும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

ரோந்துத் தொழிலாளி யார்?

நம் தோழர்கள் சிலருக்கே ஓர் எண்ணம் இருக்கிறது. பனிச்சறுக்கு ரோந்துக்காரன் என்றால் விளையாட்டுப் பிள்ளை, பணக்கார வீட்டுப் பையன், உல்லாசத்துக்கு வந்தவன், அவன் பாட்டாளியா என்று. இது தவறான அபிப்பிராயம். எந்த இடத்தில் நின்று வேலை செய்கிறான் என்பதைப் பார்த்து ஒருவனுக்கு வர்க்கம் நிர்ணயிப்பதில்லை. பங்களாவில் சமைக்கிறவர் பங்களாக்காரரா?

அவர்கள் வேலை என்ன? இரவெல்லாம் பனி கொட்டியிருக்கும். விடிவதற்கு முன்னால் மலைமேல் போக வேண்டும். சரிவில் குவிந்த பனி எந்த நேரமும் பாளம் பாளமாகப் பெயர்ந்து கீழே பாயலாம். அது பாய்ந்தால் மனிதனை மூடிப் புதைத்துவிடும். விருந்தாளிகள் வருமுன் கையால் வெடி வைத்து அந்தப் பனியை வேண்டுமென்றே சரிய விடுவது ரோந்துத் தொழிலாளியின் காலை வேலை. 1902ல் மலைக்குள் வெடிமருந்தோடு இருந்தவனின் வாரிசு, இன்று மலைமேல் வெடிமருந்தோடு நிற்கிறான். பகல் முழுவதும் கால் முறிந்தவர்களுக்கும் நெஞ்சடைத்தவர்களுக்கும் முதலுதவி செய்து, சறுக்குக் கட்டிலில் வைத்துக் கீழே இறக்க வேண்டும். சாயங்காலம் கடைசி ஆள் இறங்கிவிட்டானா என்று மலையைக் கூட்டிப் பெருக்குவது போல் பார்த்து வர வேண்டும்.

ஆபத்து பேச்சுக்கல்ல. 2023 ஜனவரி 2ஆம் தேதி இதே பார்க் சிட்டி மலையில் மரம் ஒன்று கம்பி வடத்தின் மேல் விழுந்தது. நாற்காலியில் போய்க்கொண்டிருந்த 29 வயது ரோந்துத் தொழிலாளி கீழே தூக்கியெறியப்பட்டு இறந்தார். 2025 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் மாமத் மலையில், வேறொரு கம்பெனியின் மைதானத்தில், பனிச்சரிவைத் தடுக்கும் வேலையில் இருந்த இளந்தொழிலாளி ஒருவர் பனியில் சிக்கி, சில நாளில் உயிர் விட்டார்.

இந்த வேலை வருஷம் முழுவதும் கிடையாது. பனி இருக்கும் ஐந்து மாதம்தான் பெரும்பாலோருக்கு. பனி உருகினால் வேலையும் உருகியது. மில்லில் பதிலித் தொழிலாளியாய் அலைந்தவர்களுக்கும், நடவு முடிந்து அறுவடை வரை கை கட்டி உட்காரும் விவசாயத் தொழிலாளிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

21 டாலரின் கணக்கு

இப்போது டீக்கடைத் தோழரின் கேள்விக்கு வருவோம். 21 டாலரை ரூபாயாக்கிப் பார்த்தால் மலைக்கத்தான் வைக்கும். ஆனால் அந்தத் தொழிலாளி அரிசியையும் வீட்டையும் ரூபாயில் வாங்கவில்லை. டாலரில் வாங்குகிறான். பார்க் சிட்டியில் ஒரு வீடு பத்து லட்சம் டாலரைத் தாண்டி வெகு தூரம் போய்விட்டது. வருஷத்தில் சில வாரம் வந்து தங்கும் சீமான்கள் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். வாடகைக்கு இடம் கேட்டால் உல்லாசப் பயணிக்கு இரவுக் கணக்கில் விடுவதே லாபம் என்கிறார்கள். அந்தப் பிரதேசத்தில் தனி ஆள் ஒருவர் கடனில்லாமல் காலம் தள்ள மணிக்குச் சுமார் 27 டாலராவது வேண்டும் என்று சங்கம் எடுத்துக் காட்டியது. கையில் வந்ததோ 21. நோய் வந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரி என்று போய் நிற்க அங்கே வழியில்லை.

"சட்டப்படி குறைந்த கூலியைவிட மூன்று மடங்கு கொடுக்கிறோமே" என்று முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குவோர் சொல்வார்கள். ஆமாம். அந்தச் சட்டக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009ல் வைத்தது. அதற்குப் பிறகு ஒரு சென்ட் கூட்டவில்லை. முழங்கால் தண்ணீரில் நிற்பவனைக் காட்டி, இடுப்பளவு தண்ணீரில் நிற்பவன் கரையேறிவிட்டான் என்று வாதிடுவதற்கு இது சமானம். கூட இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுவோம். விடுமுறை நாட்களில் அந்த மலையில் ஒரு நாள் சறுக்குவதற்கு ஒருவருக்குச் சீட்டு 300 டாலருக்கும் மேல். தான் காவல் காக்கும் மலையில் ஒரு நாள் சீட்டு வாங்க, புதிதாய் வந்த ரோந்துத் தொழிலாளி 14 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது.

அவர்கள் கேட்டது என்ன? ஆரம்பக் கூலியை 21லிருந்து 23ஆக்கு. இரண்டு டாலர்! பல வருஷம் அனுபவம் பெற்றவர்களுக்கு அனுபவத்துக்கேற்ற கூலி கொடு. இவ்வளவுதான். பழைய ஒப்பந்தம் 2024 ஏப்ரலில் முடிந்துபோயிற்று. மாதக் கணக்காகப் பேச்சுவார்த்தை இழுத்தது.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். சங்கத்தில் சுமார் 200 பேர். நாளுக்கு எட்டு மணி, வாரம் ஐந்து நாள், இருபது வாரம். ஆளுக்கு 800 மணி நேரம். இரண்டு டாலர் வீதம் 1,600 டாலர். 200 பேருக்கு 3,20,000 டாலர். மற்றக் கோரிக்கைகளுக்காக இதை மூன்று மடங்காக்குங்கள். பத்து லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 23 கோடி லாபத்தில் பத்து லட்சம்! முதல் கணக்கின்படி பார்த்தால் 300 டாலர் சீட்டு 1,070 விற்றால் அந்த இரண்டு டாலர் உயர்வு வசூலாகிவிடும். கம்பெனி மறுத்தது பணம் இல்லாததால் அல்ல. ஒரு மலையில் கொடுத்தால் 42 மலையிலும் கேட்பார்களே என்ற பயம்தான்.

பதின்மூன்று நாள்

டிசம்பர் 27. கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு வரப்போகும் வாரம். கம்பெனிக்கு வருஷத்திலேயே அதிக வசூல் வரும் காலம். ரோந்துத் தொழிலாளர் பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, அட்டைகளைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றார்கள். "விருந்தாளிகளின் விடுமுறையைக் கெடுக்கிறார்களே" என்று கூப்பாடு கிளம்பியது. நடவு நேரத்தில் கூலி கேட்டால் "இந்த நேரத்திலா?" என்று மிராசுதார் கேட்பாரே, அதே ராகம். வேறு எந்த நேரத்தில் கேட்பது? பனியே இல்லாத ஆகஸ்டிலா?

கம்பெனி மற்ற மலைகளிலிருந்து ரோந்து மேற்பார்வையாளர்களை வரவழைத்தது. கருங்காலி வேலையை வேறு என்ன பெயரிட்டு அழைத்தாலும் அது அதுதான். ஆனால் அந்த மலையின் பள்ளமும் பாறையும் தெரிந்த கை வேறு, விமானத்தில் வந்து இறங்கிய கை வேறு. சரிவுகளைப் பத்திரமாகத் திறக்க ஆளில்லை. 7,300 ஏக்கர் மலையில் மிகச் சிறு பகுதிதான் திறந்தது. திறந்த இடத்தில் மணிக்கணக்கில் வரிசை. 300 டாலர் கொடுத்தவர்கள் குளிரில் நின்றார்கள். நின்றவர்கள் என்ன செய்தார்கள்? "தொழிலாளிக்குக் கூலி கொடு!" என்று கம்பெனியைப் பார்த்துக் கோஷம் போட்டார்கள்!

இதைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். அந்தச் சீமான்களுக்கு ஒரே நாளில் வர்க்க உணர்வு வந்துவிட்டது என்று நாம் கருதவில்லை. நாற்காலி ஓட வேண்டும் என்பதே அவர்கள் கவலை. ஆனாலும் யார் மேல் குற்றம் என்று அந்த வரிசையில் நின்றவர்களுக்கே தெரிந்துபோயிற்று. போராட்ட நிதிக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. பின்னால் வாடிக்கைக்காரர் ஒருவர் கம்பெனி மீதே வழக்குப் போட்டார்.

ஜனவரி 8ஆம் தேதி கம்பெனி இறங்கி வந்தது. ஆரம்பக் கூலி 23 டாலர். சராசரியாக ஆளுக்கு மணிக்கு 4 டாலர் உயர்வு. மிக அனுபவமுள்ளவர்களுக்குச் சராசரி 7.75 டாலர். மாதக் கணக்கில் "முடியாது" என்றது பதின்மூன்று நாளில் முடிந்துவிட்டது! 2025 மே மாதம் கம்பெனியின் தலைமை நிர்வாகியும் மாறினார். பழைய நிர்வாகியே திரும்ப வந்து உட்கார்ந்தார்.

சங்கம் என்பது அமெரிக்காவில் செத்துப்போன விஷயம் என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். அதே பார்க் சிட்டி மலையில் கம்பி வட நாற்காலிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் 2022ல் சங்கம் அமைத்தார்கள். கொலராடோவின் கீஸ்டோன் மலையில், அதுவும் வெயில் கம்பெனியுடையதுதான், 2024ல் ரோந்துத் தொழிலாளர் சங்கம் வேண்டுமா என்று வாக்கெடுத்தார்கள். வேண்டும் 43, வேண்டாம் 42. ஒரே ஒரு வாக்கு. ஒரு ஆளைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்ளும் நம் கிளைத் தோழர்கள் இந்த இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

விழா போனது, யாருக்கு நஷ்டம்?

போராட்டம் முடிந்த சூட்டோடு இன்னொரு செய்தி ஊரை உலுக்கியது. 1981 முதல் பார்க் சிட்டியில் ஆண்டுதோறும் ஜனவரியில் சினிமா விழா ஒன்று நடந்து வந்தது. நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டின் சன்டான்ஸ் நிலையம் 1985ல் எடுத்து நடத்தத் தொடங்கியது. பெரிய ஸ்டுடியோ முதலாளிகளின் தயவில்லாமல் எடுக்கப்பட்ட படங்களுக்கு இடம் கொடுத்ததால் உலகப் புகழ் பெற்றது. அந்த நல்ல காரியத்தை நாம் மறைக்க மாட்டோம். 2025 மார்ச் 27ஆம் தேதி, 2027 முதல் விழாவைக் கொலராடோ மாகாணத்து போல்டர் நகரத்துக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். ரெட்ஃபோர்ட் அந்தச் செப்டம்பரில் காலமானார். பார்க் சிட்டியில் 2026 ஜனவரியோடு விழா முடிந்தது.

வியாபாரிகள் தலையில் கை வைத்தார்கள். 2024 விழாவால் யூட்டாவுக்கு 13 கோடியே 20 லட்சம் டாலர் பொருளாதாரப் பலன் என்று விழாக்காரர்களே கணக்குக் கொடுத்திருந்தார்கள். விழாவை இழுக்கக் கொலராடோ சர்க்கார் பத்து வருஷத்தில் 3 கோடியே 40 லட்சம் டாலர் வரிச் சலுகை தர முன்வந்தது. ஒரு மாகாணம் இன்னொரு மாகாணத்தின் திருவிழாவை ஏலம் எடுக்கிறது! பொது ஜனங்களின் வரிப் பணத்தில் ஏலம்!

விழா போக ஒரே காரணம் இதுதான் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் விழாவுக்கு வருகிறவர்கள் பல வருஷமாகச் சொல்லி வந்த குறை என்ன? அறை வாடகை தாங்க முடியவில்லை, இளம் சினிமாக்காரன் தங்க முடியவில்லை என்பதுதான். ரோந்துத் தொழிலாளியை விரட்டிய அதே வாடகை, கடைசியில் சினிமாக்காரனையும் விரட்டியது. முன்னவன் போனபோது ஊர் வியாபாரிகளில் எத்தனை பேர் கவலைப்பட்டார்கள்? வீட்டு விலை ஏறுகிறது, ஊர் முன்னேறுகிறது என்று மகிழ்ந்தவர்கள்தான் அதிகம். முன்னேற்றம் அவர்கள் கடை வாசலுக்கு வந்தபோதுதான் சுட்டது.

"விழா போனால் தொழிலாளிக்குத்தானே வேலை போகும்?" என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். விழா நாட்களில் ஓட்டலில் கூடுதல் வேலை பார்த்தவருக்கும் வண்டி ஓட்டியவருக்கும் நஷ்டம்தான். அதை நாம் அலட்சியப்படுத்தவில்லை. 2034ல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயம் யூட்டாவுக்கு வருகிறது என்று 2024 ஜூலையில் முடிவாகிவிட்டது. 2002லும் வந்தது. அதைக் காட்டி வியாபாரிகள் இப்போது ஆறுதல் சொல்கிறார்கள். நம் கேள்வி அதுவல்ல. ஒலிம்பிக் மைதானத்தில் பனியைத் தள்ளுகிறவனுக்கு அன்றைக்கு ஊரில் ஒரு அறை இருக்குமா?

டீக்கடையில் இவ்வளவையும் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மில் தோழர், "சரி, அந்த இரண்டு டாலர் நியாயம்தான்" என்று ஒப்புக்கொண்டார். விவசாயத் தொழிலாளித் தோழர் மட்டும் விடவில்லை. "அந்த நாற்காலியில் ஆளை ஏற்றிவிடுகிறவன், சமையல்கட்டில் நிற்கிறவன், அவர்களுக்கு எவ்வளவு கூடிற்று?" என்றார்.

அவர் கேட்டது சரியான இடம். பெரு, அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்து மாணவர் அனுமதிச் சீட்டில் குளிர்காலத்துக்கு மட்டும் வந்து வேலை செய்யும் பிள்ளைகள் அந்த மலைகளில் ஏராளம். அனுமதி முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியவர்கள். ரோந்துச் சங்கத்தின் ஒப்பந்தம் அவர்களைச் சேராது. அதைச் சொன்னோம்.

"அந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது?" என்று கேட்டார்.

"2027 ஏப்ரலில்."

"அதற்குள் அவர்களையும் சேர்த்தார்களா என்று பார்த்து எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு, டீக்குக் காசு கொடுத்துப் புறப்பட்டார். எழுதுவோம்.